பழைய ஜாகுவார் காரின் கதவிலுள்ள தோல் பலகையைக் கிழியாமல் கழற்றுவது எப்படி?

1957 முதல் 1961 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரான ஜாகுவார் எக்ஸ்கே 150 காரில் டேஷ்போர்டைக்கூடத் தோலால் போர்த்தியிருந்தார்கள். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காரில் கண்ணாடி இறங்கவில்லை, பூட்டு மாட்டவில்லை என்றால் முதலில் கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்றியாக வேண்டும். அறுபது வருட வெயிலைத் தாங்கிய தோல் அந்தச் சில நிமிடங்களில் கிழிந்துபோவதுண்டு. பொறுமையோடு கொஞ்சம் இயற்பியலும் தெரிந்திருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

பலகையின் அமைப்பு எளிது. அடியில் மரநாரை அழுத்திச் செய்த மெல்லிய ஹார்டுபோர்டு, அதன்மேல் தோல். தோலின் ஓரத்தைப் பின்பக்கம் மடித்துப் பசையால் ஒட்டியிருப்பார்கள். ஹார்டுபோர்டில் செருகிய ஸ்பிரிங் எஃகு கிளிப்புகள் கதவுத் தகட்டின் துளைகளில் போய்க் கவ்விக்கொள்ளும்.

இதில் கிளிப்புக்கு வயதானாலும் பிடி விடாது. நொந்துபோவது ஹார்டுபோர்டுதான். கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாகக் கதவுக்குள் மழைநீர் போவது சகஜம். அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியே அது வெளியேறிவிடும். துளை அடைத்துக்கொண்டாலோ, பலகைக்குப் பின்னாலுள்ள நீர்புகாத் தாள் கிழிந்தாலோ, அந்த மரநார் ஈரத்தைக் குடித்து உப்பி, அடியோரம் உதிரத் தொடங்கும். அந்த ஓரத்தை விரலால் பிடித்து இழுத்தால் கிளிப் தகட்டிலேயே நின்றுவிடும், பலகை மட்டும் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் கவை போல நுனி பிளந்த தட்டையான நெம்புகோலைக் கிளிப்பின் கழுத்துக்கே கொண்டுபோக வேண்டும். அப்போது விசை எஃகிலிருந்து எஃகுக்குப் போகும், பலகைக்குச் சுமை குறையும்.

அதற்கு முன் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி வர வேண்டும். பல பிரிட்டிஷ் கார்களில் கைப்பிடியின் அடியிலுள்ள வட்டத் தகட்டை உள்நோக்கி அழுத்தினால் குறுக்கே ஒரு சிறு பின் தெரியும்; அதைத் தட்டி எடுத்தால் கைப்பிடி கையோடு வந்துவிடும். கை வைக்கும் திண்டின் அடியிலும் ஸ்குரூ ஒளிந்திருக்கும். பலகை ஓரிடத்தில் அசைய மறுத்தால் பலத்தைக் கூட்டாதீர்கள், ஸ்குரூவைத் தேடுங்கள்.

அடுத்தது தோல். ஹார்டுபோர்டு உளுத்திருந்தால் புதியதற்கு மாற்ற, அதிலிருந்து தோலை உரித்தெடுக்க வேண்டும். இதுதான் உண்மையில் நுட்பமான பகுதி. தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். பதனிடும்போது ஏற்றிய கொழுப்பு, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க உதவுகிறது. காலப்போக்கில் அந்தக் கொழுப்பு கெட்டு, இழைகள் ஒட்டிக்கொண்டு, தோல் சுருங்கி விறைக்கிறது. பதனிடாத ஈரத்தோல் ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸில் சுருண்டுவிடும். பதனிட்ட தோலுக்கு இந்த வரம்பு இன்னும் உயரம். ஆனால் சிதைந்த பழைய தோல் ஈரமாக இருந்தால், அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே சுருங்கலாம். நீராவியும் ஈரத்துணியும் இங்கே வேண்டவே வேண்டாம். ஹேர் டிரையரின் மிதமான உலர்சூடு போதும், அதுவும் கை வைத்தால் தாங்கும் அளவுக்கு மட்டும்.

சூடு எதற்கு? இந்தப் பசைகள் பெரும்பாலும் ரப்பர் வகை. அவற்றின் நீண்ட மூலக்கூறு சங்கிலிகள் நகர நேரம் கிடைத்தால் மெல்ல வழுக்கிப் பிரியும். வெடுக்கென்று இழுத்தால் விறைத்து நின்று, பாரத்தைத் தோலின்மேல் தள்ளிவிடும். ஒட்டியிருக்கும் செல்லோடேப்பைத் தாளிலிருந்து வேகமாக உரித்தால் தாளும் சேர்ந்து கிழிவது இதனால்தான். சூட்டை ஏற்றுவதும் வேகத்தைக் குறைப்பதும் இத்தகைய பசைக்குக் கிட்டத்தட்ட ஒரே விளைவைத் தருபவை. சூடு தோலைக் கெடுக்கும், மெதுவாக இழுப்பது கெடுக்காது. அதனால் என் ஓட்டு எப்போதும் நிதானத்துக்கே.

இழுக்கும் கோணமும் முக்கியம். உரிக்கும் பட்டையைச் செங்குத்தாகத் தூக்குவதைவிட முழுக்கப் பின்னோக்கி மடக்கி இழுத்தால் ஏறக்குறையப் பாதி விசை போதும் என்பது கணக்கு. ஆனால் கூர்மையாக மடக்கினால் மேற்பூச்சு நொறுங்கும். மடிப்புக்குள் விரல் பருமனுள்ள உருளைக் கட்டையை வைத்து, அதன்மேல் தோலைச் சுற்றியபடி உருட்டிப் போனால் இரண்டு சிக்கலும் தீரும். கரைப்பானை ஊற்றினால் பசை கரையும்தான். கூடவே தோலில் மிச்சமிருக்கும் கொழுப்பும் போய்விடும், வண்ணமும் கலையலாம்.

கழற்றிய தோலைத் தொங்கவிடாமல் சமதளத்தில் விரித்து வையுங்கள். உளுத்த ஹார்டுபோர்டையும் எறிந்துவிடாதீர்கள். கையால் பொருத்திய கார்களில் இடது கதவின் துளைகள் வலது கதவோடு அச்சாக ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. புதிய பலகையை வெட்ட அந்தந்தக் கதவின் பழைய பலகைதான் அளவு.