ஒன்பதாம் மாச ஊசியோடு முடிந்துவிடவில்லை

ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளை ஓ.பி.க்குத் தூக்கி வரும்போது ஊசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். பல அட்டைகள் ஒரே மாதிரி இருக்கும். பிறந்தவுடன் போட்டது, ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாசம், ஒன்பது மாசம், எல்லாவற்றுக்கும் தேதி இருக்கும். அதற்குக் கீழே காலி. "ஊசியெல்லாம் போட்டு முடிச்சாச்சு டாக்டர்" என்பார் அம்மா.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிரசவம் அம்மா வீட்டில், பதிவும் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், அங்கே இருக்கும்வரை செவிலியர் போன் போட்டுக் கூப்பிடுவார். அப்புறம் மாமியார் வீட்டுக்கோ கணவர் வேலை பார்க்கும் ஊருக்கோ போய்விட்டால் அங்கே இந்தக் குழந்தை யார் பட்டியலிலும் இல்லை.

விட்டுப்போவது 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா (ஜெர்மன் அம்மை) ஊசியின் இரண்டாம் தவணை. ஒன்பது மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் கொஞ்சம் மிச்சமிருக்கலாம் என்பதால் முதல் ஊசி 100 குழந்தைகளில் ஏறக்குறைய 85 பேருக்குத்தான் பிடிக்கும். மீதி 15 பேரில் உங்கள் குழந்தை உண்டா என்று பார்த்தால் தெரியாது, அதற்காக யாரும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதுமில்லை. அந்த 15 பேருக்காகத்தான் எல்லாருக்கும் இரண்டாவது.

தட்டம்மையைப் போல வேகமாகத் தொற்றும் நோய் குறைவு. தடுப்பு இல்லாத இடத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும், நோயுள்ள குழந்தை எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் வரை இருக்கும், தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடும். வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "அம்மை போட்டிருக்கு, மருந்து கொடுக்கக் கூடாது" என்று வீட்டிலேயே வைத்திருப்பதுதான் பயம். நிமோனியா, வயிற்றுப்போக்கு, சிலருக்கு மூளைக்காய்ச்சல் வரும். அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுத்தால் ஆபத்து குறையும், அதற்காவது தூக்கி வாருங்கள்.

இந்த இரண்டாம் தவணை போடும் அதே நாளில் தொடையில் டிபிடி பூஸ்டரும் உண்டு. தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் மூன்றுக்கும் முதலில் போட்டதன் பலம் குறைந்துகொண்டே வருவதால்தான் இது. கால் வீங்கும், ஓரிரு நாள் காய்ச்சல் அடிக்கும். எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும், சூடான ஒத்தடமும் தேய்ப்பதும் வேண்டாம்.

சரி, ஏற்கெனவே விட்டுப்போச்சா? முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை–ரூபெல்லா ஊசியை 5 வயது வரை அரசு இலவசமாகப் போடுகிறது. லேசான சளி ஒரு தடையே இல்லை. தமிழ்நாட்டில் புதன்கிழமை ஊசி நாள், பதிவு எந்த ஊரில் இருந்தாலும் பக்கத்து நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். இடையில் தனியார் மருத்துவமனையில் 15 மாதத்தில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி) போட்டிருந்தால் அதுவும் கணக்கில் சேரும், இரண்டு அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.