குளக்கரையில் மீன் சுடும் தணல்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கரைகளில் விடுமுறை நாட்களில் கூடும் குடும்பங்கள் மீனோ கோழியோ சுட்டுச் சாப்பிடுவதற்கு, வீட்டிலிருந்து கொண்டுவரும் தகர அடுப்பையோ மூன்று கற்களையோதான் நம்பியிருக்கின்றன. நம் உறவினர் பலர் குடியேறியுள்ள கனடாவின் பூங்காக்களில் இதற்கென்றே பொது அடுப்புகள் உண்டு. இரும்புத் தூணொன்றின் மேல் பொருத்திய திறந்த பெட்டியும், அதன்மேல் கம்பித்தட்டும் கொண்ட எளிய அமைப்பு அது. நிலத்திலிருந்து உயர்த்தி வைப்பதற்கும், கம்பித்தட்டைக் கரியிலிருந்து தள்ளி வைப்பதற்கும் உள்ள காரணங்கள் நமது தகர அடுப்புக்கும் அப்படியே பொருந்தும்.

விறகு சூடேறும்போது முதலில் ஈரம் வெளியேறுகிறது. வெப்பநிலை 200 பாகை செல்சியசைத் தாண்டியதும் மரம் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களைக் கக்கத் தொடங்குகிறது. நாம் காணும் சுவாலை அந்த வாயுக்கள் எரிவதுதான். அதன் மஞ்சள் நிறம், முழுமையாக எரியாத நுண்ணிய கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதால் உண்டாவது. சுவாலையில் பிடித்த மீனின் தோலில் கறுப்பாகப் படிந்து கசப்பதும் அதே துகள்கள்தான். சிரட்டைக் கரியிலோ, அந்த வாயுக்களில் பெரும்பகுதி கரியாக்கும்போதே போய்விட்டதால், எஞ்சிய காபன் சுவாலை அதிகமின்றித் தன் மேற்பரப்பிலேயே ஒட்சிசனோடு சேர்ந்து எரிகிறது.

இந்தத் தணல் உணவைச் சுடுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்களால். சூடான பொருள் வீசும் கதிர்ப்பு அதன் தனி வெப்பநிலையின் (செல்சியஸ் பாகையோடு 273ஐக் கூட்டி வரும் அளவு) நான்காம் அடுக்குக்கு விகிதசமமானது என்பதைப் பௌதிகவியலாளர் ஜோசப் ஸ்டெஃபான் 1879இல் கண்டறிந்தார். அதன்படி தணல் 500 பாகையிலிருந்து 700 பாகைக்கு ஏறினால் கதிர்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. ஓலை விசிறியால் நாலு வீசு வீசியதும் சாம்பல் பறந்து, தணல் செம்மஞ்சளாகி, விராலின் தோல் சடசடவென்று பொரியத் தொடங்குவது இதனால்தான்.

தோல் பொன்னிறமாவது வேறொரு வினை. புரதத்தின் அமினோ அமிலங்களும் வெல்லங்களும் 140 பாகை அளவில் விரைவாக ஒன்றோடொன்று சேர்ந்து நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு இரசாயனவியலாளர் மயாரின் பெயரே வினைக்கும் வழங்குகிறது. மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது என்பதால், மசாலா பூசுமுன் மீனைத் துணியால் ஒற்றி எடுப்பது வெறும் பழக்கமல்ல. கோழியின் கொழுப்பு தணலில் சொட்டினால் எழும் புகையில் புற்றுநோயோடு தொடர்புடைய சேர்வைகள் உண்டு. சுவாலை எழும்போது கம்பித்தட்டை உயர்த்துவதோ, இறைச்சியை ஓரமாகத் தள்ளுவதோதான் வழி. அவ்வேளையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தெளிப்பவர்களை என்னவென்று சொல்வது!

சாப்பிட்டு முடிந்த பின்னர்தான் உண்மையான அபாயம் தொடங்குகிறது. சாம்பல் வெப்பத்தை எளிதில் கடத்தாது; அதற்கடியில் தணல் மிகக் குறைந்த ஒட்சிசனோடு பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும், வெளியே பார்த்தால் எல்லாம் அணைந்ததுபோலவே தெரியும். மழையற்ற மாதங்களில் வன்னிக் காடுகளின் சருகும் புல்லும் முறுகக் காய்ந்திருக்கையில், சோளகக் காற்று அந்தச் சாம்பலைக் கலைத்து ஒரு பொறியைத் தூக்கிச் சென்றாலே போதும். அவுஸ்திரேலியாவில் தீ அபாயம் மிகுந்த நாட்களில் திறந்தவெளித் தீயை முற்றாகத் தடை செய்வதும் இதற்காகத்தான்.

தணலை மண்ணால் மூடிவிட்டுப் போவது நல்ல வழக்கமன்று, ஏனெனில் மண் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கிறது. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2260 கிலோயூல் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், நீர் ஊற்றி, தடியால் கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பல் கூழாகும்வரை அதைச் செய்ய வேண்டும். கிளறாவிட்டால் நீர் மேலாக வழிந்தோடி, அடியிலுள்ள தணல் அப்படியே இருக்கும். பின்னர் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி தேவை. அரைகுறையாக அணைந்த தகர அடுப்பை வாகனத்தில் ஏற்றி, கண்ணாடிகளை மூடிக்கொண்டு வீடு திரும்புவது காட்டுத்தீயைவிட விரைவாக ஆளைக் கொல்லக்கூடியது. ஒட்சிசன் போதாமல் கனலும் கரி வெளிவிடும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமோ நிறமோ கிடையாது.