வெனீர் என்பது பூச்சு அன்று, மர ஏடு

பழைய அறைகலன்களைச் செப்பனிடுவது பற்றிய மொழிபெயர்ப்பொன்றில், ‘பூச்சைச் சிதைக்காமல் பூச்சை அகற்றுக’ என்ற வரியை அண்மையில் படித்தேன். மூலத்தில் முதலாவது வெனீர், அதாவது வேறொரு மரத்தின்மேல் ஒட்டும் மெல்லிய மரத் தகடு; இரண்டாவது வார்னிஷ். வெனீரைப் பூச்சு என்று எழுதும் வழக்கத்தைப் பலமுறை பொறுத்துக்கொண்ட எனக்கு, இந்த வரியைப் பொறுக்க முடியவில்லை.

வெனீர், ஜெர்மன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ‘வழங்கு’ எனப் பொருள்படும் பிரெஞ்சு வினை அதன் மூலம். ஃபர்னிச்சரும் அதே வேரில் பிறந்ததே.

பூச்சு என்பது ஈரமாகப் பூசி உலரவிடுவது: சுண்ணாம்பு, வண்ணம், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்க்கும் மெருகு. வெனீரோ மரம். 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செய்த வால்நட் இழுப்பறைப் பெட்டியின் ஓரத்தை உற்றுப் பார்த்தால், ஓக் அல்லது பைன் மர உடலின்மேல் வால்நட் தனிக் கோடாகத் தெரியும். ரம்பத்தால் அறுத்த அக்கால வெனீரின் தடிமன் பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிமீட்டர். கத்தியால் சீவும் இன்றைய வெனீர் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர்தான். இதைப் பூச்சென்று நம்பி ஒருவர் உப்புத்தாளால் தேய்த்தால், முந்நூறு ஆண்டு தாங்கிய வால்நட்டின் வரிகள் தூளாக உதிர்ந்து, அடியிலுள்ள பைன் வெளுப்பாகத் தலைகாட்டும். பூச்சு உரிந்தால் மீண்டும் பூசலாம். வெனீர் உப்பி எழும்பினால், நகத்தால் தட்டி, வெற்றிடம்போல் ஒலிக்கும் இடத்தைக் கண்டறிந்து, இழை ஓடும் திசையில் கீறி, உள்ளே வச்சிரப் பசையைச் செலுத்தி, இளஞ்சூட்டில் அழுத்த வேண்டும். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகுவதால்தான் பழைய வேலையைப் பிரித்துச் சீராக்க முடிகிறது. ‘பூச்சு’ என்ற சொல்லில் இவ்வேலைக்கு இடமே இல்லை.

‘நாகரிகப் பூச்சு’ என்று உருவகமாகச் சொல்லும்போது அச்சொல் பொருந்தும். அந்தப் பொருளை மட்டும் அகராதியில் பார்த்துவிட்டுப் பட்டறைக்குள் கொண்டுவருவதுதான் மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் பிழை. ‘ஒட்டுப்பலகை’யும் ஆகாது, அது பிளைவுட்.

நான் பரிந்துரைப்பது ‘மர ஏடு’. பனையேட்டையும் பாலேட்டையும் அறிந்தவர்களுக்கு, மெல்லியதாகப் பிரிந்து வருவது ஏடு என்று விளக்க வேண்டியதில்லை. ஏடு எழும்பும், வெடிக்கும், உரியும். அதைத் திரும்ப ஒட்டலாம். தச்சரிடம் வெனீர் என்றே பேசுவதில் எனக்கு மறுப்பில்லை. தமிழாக்குவதாகச் சொல்லிப் பொருளைக் குலைப்பதையே ஏற்க முடியவில்லை. அந்த வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘மர ஏட்டைச் சிதைக்காமல் வார்னிஷை அகற்றுக.’