முழுக் குருதியை உறைய வைக்காதீர்கள்

எந்த மருந்து கேட்கும் என்றறிய எச்.ஐ.வி மரபணு வரிசை பார்க்கவென்று திருகோணமலைக்கு வரும் பெட்டியைத் திறந்தால், ஊதா மூடிக் குழாய்க்குள் குருதி கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. "பழுதாகக் கூடாதென்றுதான் ஃப்ரீஸரில் வைத்தோம்" என்கிறார்கள் அனுப்பியவர்கள். பழுதாக்கியதே அந்த ஃப்ரீஸர்தான். இன்னும் எத்தனை தரம் சொல்வது?

உறைய வைப்பது, குழியங்களை நீக்கிப் பிரித்தெடுத்த திரவமான பிளாஸ்மாவைத்தான். முழுக் குருதி உறைந்தால் செங்குழியம் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வரும், அது மரபணுவைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர் முறையின் நொதியத்தை முடக்கும். வெண்குழியமும் உடையும். அதற்குள் எப்போதோ பதுங்கிய வைரஸின் டி.என்.ஏ இருக்கிறது. அது கலந்துவிட்டால், வாசிப்பது இன்று பெருகும் வைரஸையா, பழையதையா என்று பிரிக்க வழியில்லை. பெருக்கமே வராவிட்டால் மறுபடி குருதி எடுக்கலாம். பிழையான விடை வந்தாலோ அது சரியான விடை போலவே இருக்கும். அதை நம்பி மருந்தையும் மாற்றிவிடுவார்கள்.

ஒரு நோயாளிக்குள் இருப்பது ஒரே வைரஸ் அல்ல. சிகிச்சை இல்லாத உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கோடி புதிய வைரஸ்கள் உருவாகின்றன. படியெடுக்கும் நொதியம் தன் பிழையைத் திருத்துவதுமில்லை. இந்தப் பன்மை தெரிய வேண்டுமானால் பிளாஸ்மாவில் மிதக்கும் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ சிதையாமல் நிறைய வேண்டும். 5 மூலக்கூறு மட்டும் தப்பியிருந்தால், வரிசை வாசிக்கும் இயந்திரம் 10,000 வாசிப்புத் தந்தாலும் அத்தனையும் அந்த ஐந்தின் பிரதிகள்தான். வழமையான வரிசை வாசிப்பான சாங்கர் முறைக்கு, மொத்தத்தில் 20 சதவீதத்துக்குக் குறைந்த வைரஸ் வகை பெரும்பாலும் தெரியாது. ஒவ்வொரு மூலக்கூறையும் தனித்தனியே பெருக்கும் ஒற்றை மூலக்கூறுப் பெருக்கத்தில், விளைவு வரும் தட்டுக் குழிகள் 30 சதவீதத்தைத் தாண்டாதபடி சி.டி.என்.ஏயை (ஆர்.என்.ஏயிலிருந்து படியெடுத்த டி.என்.ஏ) ஐதாக்குவோம், அப்போது வருபவற்றில் ஐந்தில் நான்கு ஒரே மூலக்கூறில் பிறந்தவை. சிதைந்த மாதிரியில் ஐதாக்க என்ன இருக்கிறது?

தம்பி, தங்கச்சிமாரே, குருதி கட்டிபடாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ உள்ள ஊதா மூடிக் குழாய் மட்டும் பாவியுங்கள். பச்சை மூடிக் குழாயில் அதே வேலைக்கு இருக்கும் ஹெப்பாரின் பி.சி.ஆரைத் தடுக்கும். 8 முதல் 10 தரம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். குருதி எடுத்து 6 மணித்தியாலத்துக்குள் இயந்திரத்தில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தெடுங்கள். புல்மோட்டையிலோ வெருகலிலோ எடுத்துவிட்டு வாகனத்துக்குக் காத்திருந்தால் அந்த நேரம் சத்தமில்லாமல் போய்விடும். வெண்குழியப் படலத்துக்கு மேல் அரை சென்ரிமீற்றர் பிளாஸ்மாவை விட்டுவிடுங்கள். கடைசித் துளிக்கு ஆசைப்பட்டால் குழியமும் சேர்ந்து வரும். 1 மில்லிலீற்றர் வீதம் இரண்டு குழாய், மறை 70 பாகை செல்சியஸில். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீஸர் வேண்டாம்.

சுழற்றும் இயந்திரம் இல்லாத இடத்தில், குருதித் துளியை உலர வைத்து அனுப்பும் வடிதாள் அட்டை. வட்டத்துக்கு 50 முதல் 75 மைக்ரோலீற்றர். ஒருமுறை விட்ட இடத்தில் மறுபடி விடாதீர்கள். மாரிக்காலத்து ஈரக் காற்றென்றால் இரவு முழுக்க உலர வேண்டும், வெயிலில் அல்ல. பிறகு ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு மூடுங்கள். அட்டையிலும் குழிய டி.என்.ஏ இருப்பதால், படிவத்தில் "அட்டை" என்று எழுதுங்கள். விடையை அதற்கேற்ப வாசிக்க வேண்டும்.

குழாயில் பெயர் வேண்டாம். கிளினிக் இலக்கம், திகதி, குருதி எடுத்த நேரம். நேரத்தை எழுதாவிட்டால் அந்த 6 மணித்தியாலத்தை எங்கிருந்து எண்ணுவது?