சர்டு – தமிழில் 'விகிதமுறா மூலம்'

சென்னை டியூஷன்களில் தமிழ்வழி மாணவர்கள்கூட 'சர்டு' என்றுதான் சொல்கிறார்கள். நம் பாடநூல் வழக்கு 'விகிதமுறா மூலம்', இலங்கையில் 'சேடு'. முன்னது நீளமான சொல்தான், ஆனால் பொருள் அதிலேயே இருக்கிறது: இரு முழு எண்களின் விகிதமாக எழுத வராத மூலம். √7 அப்படிப்பட்டது. √16 அல்ல, அது வெறும் 4. π விகிதமுறா எண். ஆனாலும் எந்த விகிதமுறு எண்ணின் மூலமும் அல்ல என்பதால் இதில் சேராது.

'சர்டு' இலத்தீன் 'சுர்துஸ்' என்பதிலிருந்து வந்தது. பொருள்: செவிடு! கிரேக்க 'லோகோஸ்' பேச்சையும் குறிக்கும், விகிதத்தையும் குறிக்கும். விகிதமற்றதை அவர்கள் 'அலோகோஸ்' என்றார்கள். அரபியில் பேச்சு என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு 'அஸம்ம்', அதாவது செவிடு, என்றாக்கினார்கள். இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். தமிழ்ச் சொல்லில் இந்தக் குழப்பம் இல்லை. அது விகிதத்தையே பிடித்திருக்கிறது.

இனி சுருக்குவது. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. மனை சதுரமாக இருந்தால் பக்கம் √2400 = √(400 × 6) = 20√6, ஏறத்தாழ 49 அடி. உள்ளே இருக்கும் மிகப் பெரிய வர்க்கக் காரணியைத்தான் தேட வேண்டும். 4ஐ மட்டும் எடுத்து 2√600 என்று நிறுத்தினால் வேலை பாதியில் நிற்கிறது. கால் கிரவுண்டின் பக்கம் √600 = 10√6. இரண்டையும் கூட்டினால் 30√6, சுமார் 73.5, √3000 அல்ல, அது 54.8தான். மூலத்துக்குள் இருப்பது ஒன்றாக இருந்தால்தான் கெழுக்களை, அதாவது மூலத்துக்கு முன்னால் நிற்கும் எண்களை, கூட்டலாம்.

எழுத்து வரும்போதும் இதே பிழைதான். √(அ² + 9) என்பதை அ + 3 என்று எழுதிவிடுவார்கள். அ = 4 என்று போட்டுப் பாருங்கள்: ஒன்று 5, மற்றது 7. பெருக்கலைத்தான் மூலத்துக்குள் பிரிக்கலாம், கூட்டலை அல்ல. √(50அ³) = 5அ√(2அ); இங்கே அ குறை எண்ணாக இருக்கக் கூடாது. √(அ²) எப்போதும் அ ஆகிவிடாது: அ = −3 என்றால் விடை 3.

பகுதியில் மூலம் இருந்தால், 6/(3 − √5) போல, தொகுதியையும் பகுதியையும் 3 + √5ஆல் பெருக்குங்கள். பகுதி 9 − 5 = 4; விடை 3(3 + √5)/2. வெறும் √5ஆல் பெருக்கினால் பகுதி 3√5 − 5 ஆகும், மூலம் அங்கேயே இருக்கும்.