மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதை நிறுத்துங்கள்

மறுபடியும் ஒரு டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை. கழிவுநீர்த் தொட்டியில் கசடு அள்ள ஒருவர் இறங்கியிருக்கிறார், உள்ளே சாய்ந்துவிட்டார். தூக்கப் போனவரும் திரும்பவில்லை. கேட்டால் வழக்கமான பதில்தான்: "திறந்தப்போ நாத்தம் இருந்தது சார். கொஞ்ச நேரத்துல போயிடுச்சு. அப்புறம்தான் இறங்குனாங்க."

நாற்றம் போனதால் வாயு போய்விட்டது என்று யார் சொன்னது? இந்தத் தொட்டிகளில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு மிகக் கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை போல வீசும். 100 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவில் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துவிடும், அதன்பின் எதுவும் தெரியாது. அளவு இன்னும் ஏறினால், முகர்ந்தோம் என்று உணர்வதற்குள்ளேயே மூக்கு அடங்கிவிடும். 700 பி.பி.எம்.-ஐத் தாண்டினால் சில மூச்சிலேயே ஆள் விழுவார். ஆக, வீச்சம் சட்டென்று நின்றால் அதைவிட மோசமான அறிகுறி வேறில்லை. இருபது வருட அனுபவசாலிக்கும் இதே மூக்குதான்.

தோலின் முடியை நீக்கும் சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும், தோலை ஊறவைக்கும் பிக்கிள் அமிலத் தண்ணீரும் ஒரே தொட்டிக்குப் போனால் இந்த வாயுதான் கிளம்பும் என்று டேனரிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, வாயு பட்டால் நிறம் மாறும் தாள் வைத்துப் பார்க்கிறோம் என்கிறார்கள் சிலர். எந்தத் தாள்? அமிலம் சேர்த்த டைகுரோமேட் தாளைக் காட்டி, "பச்சையானால் கந்தக டை ஆக்சைடு, பள்ளியிலேயே படித்தோம்" என்கிறார் ஒரு மேற்பார்வையாளர். ஆரஞ்சு பச்சையானால் ஏதோ ஒரு ஒடுக்கும் வாயு (மற்றப் பொருளிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கக்கூடியது) இருக்கிறது என்று மட்டுமே பொருள். ஹைட்ரஜன் சல்பைடும் அதைப் பச்சையாக்கும். பெர்மாங்கனேட்டின் நிறத்தையும் இரண்டுமே நீக்கும். பிரித்துச் சொல்வது லெட் அசிடேட் தாள். நனைத்துக் கயிற்றில் கட்டி இறக்குங்கள்; பழுப்பாகிக் கறுத்தால் ஹைட்ரஜன் சல்பைடு. கந்தக டை ஆக்சைடு அதைக் கறுப்பாக்காது. கார்பன் மோனாக்சைடும் ஒடுக்கும் வாயுதான், ஆனால் அதற்குப் பல்லேடியம் குளோரைடு தாள் வேண்டும். (ஈயம், குரோமியம் இரண்டும் நஞ்சு. தாளைத் தொட்ட கையோடு டீ குடிக்கப் போகாதீர்கள்.)

தாள் வெள்ளையாகவே இருந்தால் இறங்கலாமா? கூடாது. மீத்தேனுக்கு இந்தத் தாள்கள் எதுவும் நிறம் மாறாது. ஆக்சிஜன் குறைந்திருப்பதும் தெரியாது. மேலே வெள்ளையாக இருந்த தாள் அடியில் கறுக்கலாம். கசடை ஒரு கிளறு கிளறினால் அதுவரை இல்லாத வாயுவும் கிளம்பும். ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு நான்கையும் ஒன்றாக அளக்கும் மீட்டரை மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் இறக்கிப் பாருங்கள், வேலை முடியும்வரை அது ஓடட்டும். தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்ப்பவர்களை என்ன சொல்வது? மீத்தேன் இருந்தால் அதுவே வெடி.

ஆளை இறக்காமல் பம்பு வைத்து முடிகிற வேலையென்றால் அப்படியே முடியுங்கள். இறங்கித்தான் ஆகவேண்டுமென்றால் உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று தகுதியானவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். அல்லது சுவாசக் கருவியும் பெல்ட்டும் போட்டு, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு சொன்னது இது. நான் இரண்டுமே வேண்டும் என்பேன். உள்ளே நல்ல காற்றை ஊதும் புளோயர் ஓட வேண்டும். மூக்கில் கட்டிய ஈரத்துணி எந்த வாயுவையும் தடுக்காது.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், தயவுசெய்து, அவர் உங்கள் தம்பியாகவே இருந்தாலும் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிற்றை இழுங்கள், புளோயரைத் திருப்புங்கள், தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 அழையுங்கள்.