வேரைக் கீறினால் சிவப்பு

பயற்றங்கொடி பூக்கத் தொடங்கும் கிழமையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். கொடியைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் காட்ட வேண்டியது கழன்று மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். மண்வெட்டியால் சுற்றி வெட்டி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரில் கடுகளவிலும் மிளகளவிலும் உருண்டைகள் தெரியும். ஒன்றை பிளேட்டால் கீறுங்கள் (பிளேட் ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும்). உள்ளே இளஞ்சிவப்பு. "ரீச்சர், இரத்தம்!" என்று யாராவது கத்துவார்கள்.

அது முழுப் பிழையும் இல்லை. அந்தச் சிவப்பு, நம் இரத்தத்து ஈமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான, இரும்பு கொண்ட ஒரு புரதம். உருண்டைக்குள் குடியிருப்பவை றைசோபியம் வகைப் பற்றீரியாக்கள். காற்றில் 78 சதவீதம் நைதரசன்தான். ஆனாலும் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் எந்தச் செடியாலும் நேரே எடுக்க முடியாது. யூரியாவுக்காக அந்தப் பிணைப்பை உடைக்கத் தொழிற்சாலைக்கு 400 பாகை செல்சியசும் பெரும் அமுக்கமும் வேண்டும். பற்றீரியா அதே வேலையை ஒரு நொதியத்தைக் கொண்டு மண்ணின் சூட்டிலேயே செய்கிறது. ஒரு சிக்கல்: அந்த நொதியத்துக்கு ஒட்சிசன் ஆகாது, பற்றீரியாவுக்கோ மூச்சுவிட ஒட்சிசன் வேண்டும். சிவப்புப் புரதம் ஒட்சிசனைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கிறது. கூலியாகக் கொடி சீனிச்சத்தைக் கொடுக்கிறது.

உள்ளே வெள்ளையென்றால் வேலை தொடங்கவில்லை, பச்சையென்றால் முடிந்துவிட்டது. கத்தரி, வெண்டி வேர்களிலும் முடிச்சுகள் இருக்கலாம், ஆனால் அவை நூற்புழு செய்த வீக்கம். நகத்தால் தட்டினால் பயற்றை உருண்டை உதிரும், புழு வீக்கம் வேரோடேயே கிடக்கும்.

வன்னி வெயிலில் இலைகுழை விரைவாக உக்கிக் கரைந்துவிடும். மண்ணில் நைதரசன் தங்குவது குறைவு. 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது அதன் அருமை எல்லாக் கமக்காரருக்கும் தெரிந்தது. ஆனால் பயற்றை பக்கத்து மிளகாய்க்கும் பசளை போடும் என்று சொல்வது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். உயிரோடிருக்கும்வரை பெரும்பகுதியைக் கொடியே எடுத்துக்கொள்ளும், பிறகு விதைக்கு அனுப்பும். எனவே கடைசிக் காய் ஆய்ந்ததும் அடியோடு வெட்டி, வேரை மண்ணிலேயே விட்டு, கொடியைக் கிளிசிறியாக் குழையோடு பாத்தியில் புதையுங்கள். அடுத்த வெண்டியை அங்கே நடலாம்.

தோட்டத்துக்கு வெளியே இரண்டு சாடிகளில் பயற்றை வைத்து, ஒன்றுக்கு மட்டும் யூரியா போட்டுப் பாருங்கள். நைதரசன் தாராளமாகக் கிடைக்கிற வேர், பற்றீரியாவை உள்ளே விடுவது குறைவு. எந்தச் சாடியில் உருண்டை கூட என்று பிள்ளைகளே எண்ணட்டும்.